காட்டுக்கு யார் உரம் போட்டார்கள்?

இந்தக் கேள்வி என் காதில் முதலில் விழுந்தது ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த உழவர் பயிற்சி முகாமில். மேடையில் பேசியவர் கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்தினார். முன்னூறு பேர் நிறைந்த மண்டபம் ஒரு கணம் அமைதியாக இருந்து, பிறகு கைதட்டியது. நானும் தட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் ஊர்க்காரர், நான் சித்தப்பா என்று அழைப்பவர். திரும்பும்போது பேருந்தில், "இத்தினி வருசமா மண்ணுக்கு வெசம் வச்சிருக்கோம் தம்பி" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

அடுத்த சம்பாவிலிருந்து தன் மூன்று ஏக்கரிலும் உப்பு உரத்தை அறவே நிறுத்தி, முகாமில் சொன்ன ஜீவாமிர்தக் கரைசலை ஊற்றினார். முதல் ஆண்டு பெரிதாக ஒன்றும் குறையவில்லை. இரண்டாம் ஆண்டு ஏக்கருக்கு ஏழெட்டு மூட்டை குறைந்தது. மூன்றாம் ஆண்டு பயிர் தூர் கட்டவே இல்லை. அடியிலைகள் பழுத்து, வயல் முழுக்க வெளிறிய எலுமிச்சை நிறத்தில் நின்றது. முகாம் நடத்தியவர்களைத் தொலைபேசியில் கேட்டார். "பழைய விஷத்திலிருந்து மண் இன்னும் மீளவில்லை, பொறுங்கள்" என்று பதில் வந்தது. விளைந்தால் முறைக்குப் பெருமை, விளையாவிட்டால் மண்மீது பழி. எந்த விளைச்சலாலும் பொய்யாக்க முடியாத ஒரு கொள்கையை நம்பி ஒரு மனிதர் மூன்று ஆண்டு வருமானத்தை இழந்தார்.

ரசாயன உரம் மண்ணைக் கொன்றுவிட்டது, மண்ணில் எல்லாச் சத்தும் தீராமல் இருக்கிறது, நுண்ணுயிர்களை எழுப்பிவிட்டால் வெளியிலிருந்து எதுவும் வேண்டாம் என்ற இந்த எண்ணம் இன்று விவசாய இதழ்களிலும் யூடியூப் காணொளிகளிலும் கேள்வி கேட்பாரற்ற உண்மையாகிவிட்டது. இதைச் சொல்கிறவர்களில் பலர் மண்ணை உளமார நேசிப்பவர்கள். நாட்டு விதைகளுக்காகவும் பூச்சிமருந்துக்கு எதிராகவும் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்ததை நான் மதிக்கிறேன். ஆனால் நேசிப்பது வேறு, அறிந்திருப்பது வேறு. மண்ணைப் பற்றி இவர்கள் சொல்லும் அடிப்படைக் கணக்கு தவறு. அந்தத் தவறின் விலையைக் கட்டுவது மேடையில் இருப்பவர் அல்ல.

கேள்விக்கு முதலில் நேராகவே பதில் சொல்கிறேன். காட்டுக்கு யாரும் உரம் போடவில்லை. காட்டை யாரும் ஆண்டுக்கு இரண்டு முறை அறுத்து, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி அனுப்பவும் இல்லை. காட்டில் இலை விளைந்த இடத்திலேயே உதிர்கிறது. மேய்ந்த மான் அங்கேயே சாணமிட்டு அங்கேயே மடிகிறது. சத்து மண்ணிலிருந்து மரத்துக்கும் மரத்திலிருந்து மண்ணுக்கும் சுற்றிச் சுற்றி வருகிறது. வெளியேறுவது அற்பம் என்பதால், பாறை கரைவதும் மழை கொண்டு வருவதும் அந்தக் குறையை நிரப்பப் போதுமானவை. வயல் அப்படிப்பட்ட இடமல்ல. அறுவடை என்றாலே வயலிலிருந்து வெளியே கொண்டுபோவதுதான்.

காட்டையே வயலாக்கிப் பார்த்தவர்கள் நம் மலைகளில் இருந்தார்கள். மரத்தை வெட்டி, எரித்து, சாம்பல் படிந்த சரிவில் தினையும் சாமையும் விதைத்த புனம் அதுதான். இரண்டு மூன்று போகம் நன்றாக விளையும். பிறகு விளைச்சல் இறங்கும். அவர்கள் அந்த இடத்தை விட்டு வேறு சரிவுக்குப் போவார்கள், பழைய புனத்தைப் பல ஆண்டுகள் மரம் முளைக்க விட்டுவிடுவார்கள். ஏன் போனார்கள்? அவர்கள் ஒரு பிடி யூரியாவைக் கண்ணால் கண்டதில்லை. மண்ணைக் கொல்ல எவரும் இல்லாத இடத்திலும் மண் களைத்தது. உலகின் மிகப் பெரிய மழைக்காடான அமேசானில் நிலத்தின் பெரும்பகுதி சத்துக் குறைந்த மண்தான். செல்வத்தின் பெரும்பகுதி மரத்தில் நிற்கிறது, மரம் போனால் செல்வமும் போய்விடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எதுவும் செய்யாத வேளாண்மைக்கு எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஜப்பானின் மசனோபு ஃபுகுவோகா, தன் நெல் வயலில் வைக்கோல் முழுவதையும் திருப்பிப் போட்டார், வெள்ளைக் குளோவர் என்ற பயறுவகைச் செடியை வளர்த்தார், அதற்கு மேல் கோழி எருவையும் தூவினார். அவரே எழுதியது அது. நம் மேடைகளில் அந்தக் கோழி எருவைப் பற்றிப் பேச்சே வருவதில்லை.

அடுத்து அவர்கள் வைக்கும் வாதம் அறிவியல் உடையில் வருகிறது. செடியின் உடலில் 98.5 சதவீதம் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் சூரிய ஒளியிலிருந்தும் வருகிறது, மண்ணிலிருந்து வருவது வெறும் 1.5 சதவீதம்தான், அதற்கு எதற்கு மூட்டை மூட்டையாக உரம் என்பது, ஜீவாமிர்த முறையைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கரின் வாதம். இந்த வாதத்துக்கு ஏறத்தாழ நானூறு வயது ஆகிறது, அதன் பிழைக்கும் அதே வயதுதான்.

பெல்ஜியத்து மருத்துவர் வான் ஹெல்மாண்ட் ஒரு தொட்டியில் உலர்ந்த மண்ணை 200 பவுண்டு எடை பார்த்துப் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். கடைசியில் மரம் 169 பவுண்டு இருந்தது. மண்ணை உலர்த்தி நிறுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. அதனால் மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவுகட்டினார். அவர் இறந்த பிறகு, 1648-ல், அது அச்சில் வந்தது. அந்தக் காலத்தில் அதைவிடக் கவனமான சோதனை அரிது. மரத்தின் பெரும்பகுதி மண்ணால் ஆனதல்ல என்பதை அவர் சரியாகவே காட்டினார். காற்றின் பங்கு அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் அந்த 2 அவுன்ஸைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டார். அடுத்த இருநூறு ஆண்டு வேளாண் அறிவியலும் அந்த 2 அவுன்ஸுக்குள் இருந்தது. அதற்குள்தான் மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), சுண்ணாம்பு, மெக்னீசியம், இரும்பு, துத்தநாகம் எல்லாம் இருந்தன.

ஒரு பானைக் குழம்பில் உப்பு எத்தனை சதவீதம்? அதை எடுத்துவிட்டுப் பரிமாறுங்கள். மனித உடலில் இரும்பு நான்கைந்து கிராம்தான் இருக்கிறது. அது குறைந்த கர்ப்பிணிக்குச் சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுக்கும்போது, "உன் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானம்மா, மாத்திரை எதற்கு" என்று யாராவது சொல்வார்களா? பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மெக்னீசியம் இருக்கிறது, தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருக்கிறது. அவை இல்லாமல் இலை சூரிய ஒளியைப் பிடிக்க முடியாது. அந்த 1.5 சதவீதம் இருந்தால்தான் மீதி 98.5 சதவீதமும் செடிக்குள் வரும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மண் விஷயத்தில் உணர்ச்சியைவிடக் கணக்கு அதிகம் பேச வேண்டும்.

ஒரு ஏக்கரில் 60 கிலோ மூட்டை 40 விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். 2,400 கிலோ நெல். காவிரிப் படுகையில் கிடைக்கக்கூடிய விளைச்சல்தான் இது. ஒரு டன் நெல்லும் அதற்குரிய வைக்கோலும் உருவாகப் பயிர் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை உறிஞ்ச வேண்டும். மணிச்சத்தைத் தனிமமாகக் கணக்கிட்டால் இரண்டு மூன்று கிலோ. சாம்பல் சத்து மறுபடியும் 15 முதல் 20 கிலோ. அப்படியானால் நம் ஏக்கருக்குத் தோராயமாக 40 கிலோ தழைச்சத்து, 6 கிலோ மணிச்சத்து, 40 கிலோ சாம்பல் சத்து. தழைச்சத்தில் பாதிக்கு மேல் நெல்லோடு மூட்டையில் போகிறது. சாம்பல் சத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில் தங்குகிறது.

இன்னொரு தட்டில் ஜீவாமிர்தத்தை வைப்போம். ஏக்கருக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் வரை கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண், 200 லிட்டர் தண்ணீர். ஈரச் சாணத்தில் தழைச்சத்து அரை சதவீதத்தைத் தாண்டாது, ஆகவே 50 கிராம். கோமியத்தில் ஒரு சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் 100 கிராம். பயறு மாவில் 70 கிராம். வெல்லத்தில் சொல்லும்படி எதுவுமில்லை. மொத்தம் கால் கிலோ தேறவில்லை. ஒரு போகத்தில் எட்டு முறை ஊற்றினாலும் 2 கிலோ. பயிர் கேட்பது 40.

ஒரு நாட்டு மாடு 30 ஏக்கருக்குப் போதும் என்று சொல்கிறார்களே, அதையும் நிறுத்துப் பார்க்கலாம். ஒரு மாடு நாளைக்கு 10 கிலோ சாணம் போட்டால் ஆண்டுக்கு 3,650 கிலோ. அதில் சுமார் 15 கிலோ தழைச்சத்து. கோமியத்தை ஒரு சொட்டு விடாமல் பிடித்தால் இன்னும் 20 கிலோ. ஆக 35 கிலோ. அதை 30 ஏக்கருக்குப் பங்கிட்டால் ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். அந்த ஒரு கிலோவும் மாடு உண்டாக்கியது அல்ல. வயலிலிருந்தும் வரப்பிலிருந்தும் புல்லாகவும் வைக்கோலாகவும் மாட்டின் வாய்க்குள் போனதில், பாலுக்கும் கன்றுக்கும் போக மிஞ்சியது. மாட்டைத் தெய்வமாக வணங்குகிறவர்களும் இந்தக் கணக்கைப் பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் மாட்டுக்குத் தீனி போடுவது அவர்கள் வயல்தான்.

இதற்கு அவர்களிடம் ஒரு பதில் உண்டு, அவர்களுடைய பதில்களில் அழகானது அது. ஜீவாமிர்தம் உரமல்ல, உறைமோர் என்பார்கள். ஒரு கரண்டி மோர் ஒரு பானைப் பாலைத் தயிராக்குவதுபோல, அதிலுள்ள நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள சத்தை எல்லாம் பயிர் எடுக்கும்படி ஆக்கிவிடும் என்பார்கள். சரி, பானையில் பால் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு ஏக்கரில் மேல்மண் அரையடி ஆழத்துக்குச் சுமார் எட்டு லட்சம் கிலோ. நம் ஊர் வயல்களில் பரவலாகக் காணும் அளவான 0.05 சதவீதத் தழைச்சத்து அதில் இருந்தால் 400 கிலோ. அதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் ஓர் ஆண்டில் மட்கி வெளியே வரும். அதாவது எட்டிலிருந்து பன்னிரண்டு கிலோ. நுண்ணுயிர்கள் அதை வேகப்படுத்தினால் அடுத்த ஆண்டுக்கான பங்கும் சேர்ந்து இன்றைக்கே செலவாகும். பானையில் பால் கூடாது. நுண்ணுயிர்ப் பஞ்சமும் நம் வயலில் இல்லை. ஒரு கிராம் வயல் மண்ணில் பல கோடி பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. அவற்றுக்குக் குறைவது தீனி.

காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் உயிர்கள் இருக்கின்றன, அதை நான் மறைக்கவில்லை. உளுந்தின் வேர்முடிச்சு, தக்கைப்பூண்டு, அசோலா, சேற்று வயலின் நீலப்பச்சைப் பாசி எல்லாம் மெய்யான வரவு. அதனால்தான் பிலிப்பைன்ஸின் லாஸ் பாஞோஸில், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயலில் 1960-களின் தொடக்கத்திலிருந்து தழைச்சத்து உரமே போடாத பகுதியிலும் நெல் இன்னும் விளைகிறது. மண் அப்படி எளிதில் சாகிற பொருள் இல்லை. ஆனால் உரமிட்ட பகுதியோடு போட்டியிடும் விளைச்சல் அதில் வருவதில்லை. மணிச்சத்தின் கதை இன்னும் கடினமானது. காற்றில் மணிச்சத்து இல்லை. எந்த நுண்ணுயிரும் அதை உண்டாக்க முடியாது. பாஸ்போபாக்டீரியா செய்வது, மண்ணில் பிணைந்து கிடப்பதைக் கரைத்துக் கையில் கொடுப்பது மட்டுமே. அது பெட்டகத்தின் சாவி, அந்தப் பெட்டகத்தில் யாராவது ஒருவர் போட்டுவைத்திருக்க வேண்டும். சித்தப்பாவின் முதல் ஆண்டு விளைச்சல் குறையாமல் வந்ததில் அந்தப் பெட்டகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பல ஆண்டுகள் போட்ட டிஏபி உரத்தின் மணிச்சத்து அங்கே சேர்ந்திருந்தது. அதை எடுத்துச் செலவழித்துவிட்டு, புகழை ஜீவாமிர்தத்துக்குக் கொடுத்தோம்.

உரம் மண்ணைக் கொன்றுவிட்டது என்பது உண்மையா? இதைச் சோதித்துப் பார்க்க ஓர் ஆயுள் போதாது. நல்லவேளையாக, பல ஆயுள்கள் நீண்ட சோதனைகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெடில் ஜான் லாஸும் ஜோசப் கில்பர்ட்டும் 1843-ல் ஒரு வயலைப் பட்டைகளாகப் பிரித்துக் கோதுமை விதைத்தார்கள். பிராட்பால்க் என்ற அந்த வயலில் ஒரு பட்டைக்கு இன்றுவரை எதுவும் போடவில்லை. இன்னொன்றுக்கு ஆண்டுதோறும் தொழுவுரம். மற்றவற்றுக்கு வெறும் ரசாயன உப்புகள். எதுவும் போடாத பட்டை ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன்னில் தேங்கி நிற்கிறது. போதிய அளவு ரசாயன உரம் மட்டுமே உண்ட பட்டைகள் நூறாண்டுக்கும் மேல் தொழுவுரப் பட்டைக்கு நிகராக விளைந்தன. அவற்றில் மண்ணின் கரிமம் எதுவும் போடாத பட்டையைவிடக் குறையவில்லை, சற்றுக் கூடவே இருக்கிறது. காரணம் எளியது. நன்றாக வளர்ந்த பயிர் அதிக வேரையும் தாளையும் மண்ணில் விட்டுச் செல்கிறது. தொழுவுரப் பட்டையின் கரிமம் இரண்டையும் விட இரு மடங்குக்கு மேல். அந்தப் பெருமை எருவுக்கு உரியது, அதைப் பறிக்க நான் வரவில்லை. ஆனால் நூற்றெண்பது ஆண்டு உப்பு உண்ட மண் செத்துப்போகவில்லை என்பதும் அதே வயலில் எழுதியிருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் கோயம்புத்தூர் இருக்கிறது. அங்கே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இன்றும் நடக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நாடெங்கும் பல இடங்களில் தொடங்கிய நீண்டகால உரச் சோதனைகள் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லின. தழைச்சத்தை மட்டும் போட்ட இடங்களில் விளைச்சல் சரிந்தது. மூன்று சத்தும் சமன்பட்ட இடங்களில் நிலைத்தது. அதோடு தொழுவுரமும் சேர்ந்த இடத்தில் எல்லாவற்றையும் விட நன்றாக இருந்தது. உரம் போட்டதால் மண் கெட்டது என்று இதிலிருந்து யாரும் படிக்க முடியாது. அரைகுறையாகப் போட்டால் கெடும் என்று படிக்கலாம்.

மண்புழுவின் மேல் யூரியாவைக் கொட்டி அது துடிப்பதைக் காட்டும் காணொளியை என்னிடமும் பலர் காட்டியிருக்கிறார்கள். அதன்மேல் சமையல் உப்பைக் கொட்டினாலும் துடிக்கும். ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 11 கிராம், அதையும் இரண்டு மூன்று தவணையாகப் போடுகிறோம். மாடு மேய்ந்த தரையில் சில இடங்களில் மட்டும் புல் கரும்பச்சையாக, முழங்கால் உயரத்துக்கு நிற்பதை மேய்ப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மாடு மூத்திரம் விட்ட இடம் அது. கோமியத்தில் உள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியாவாகவே இருக்கிறது. 1828-ல் ஃபிரெடெரிக் வோலர் என்ற ஜெர்மானியர் அதே பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். மாட்டிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் மண்ணின் நொதிகள் அதை அம்மோனியமாக உடைக்கின்றன. வேர் அதன் பிறப்புச் சான்றிதழைக் கேட்பதில்லை.

"அந்தக் காலத்தில் உரமில்லாமலா விளைந்தது?" என்பதுதான் மனதை அதிகம் தொடும் கேள்வி. உரம் இருந்தது. வேறு பெயர்களில் இருந்தது. கோடையில் ஏரி வற்றியதும் வண்டி கட்டி வண்டல் அடித்தார்கள். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை அமர்த்தி, இரவுக்கு இவ்வளவு என்று கிடைக்காரருக்கு நெல் அளந்தார்கள். கொழிஞ்சி, எருக்கு, புங்கந்தழை, ஆவாரை என்று தலைச்சுமையாகக் கொண்டுவந்து சேற்றில் மிதித்தார்கள். அந்த ஆடு எங்கே மேய்ந்தது? புறம்போக்கிலும் தரிசிலும் கரட்டிலும். அந்தத் தழை எங்கே வளர்ந்தது? ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும். ஒரு வயலின் பச்சைக்குப் பின்னால் பல மடங்கு பொதுநிலம் தன் சத்தை இழந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து எதுவும் வேண்டாத வேளாண்மை நம்மிடம் ஒருநாளும் இருந்ததில்லை. அந்தப் பொதுநிலத்தில் இன்று வீட்டுமனைக் கற்கள் நடப்பட்டிருக்கின்றன.

காவிரிப் படுகைக்கு இன்னொரு கொடையாளர் இருந்தார். ஆண்டுதோறும் ஆடி வெள்ளம் குடகுமலையிலிருந்து வண்டல் சுமந்து வந்து வயலில் விரித்தது. 1934-ல் மேட்டூர் அணை எழுந்த பிறகு அந்த வண்டலில் பெரும்பகுதி அணைக்குள் படிகிறது. தஞ்சை மண் தானாகவே வளமானது என்று எண்ணிக்கொண்டிருந்தோம், அது வேறொரு மலையின் செலவில் வளமாக இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் விளைந்தது எவ்வளவு? 1950-51-ல் இந்தியாவின் சராசரி அரிசி விளைச்சல் ஹெக்டேருக்கு 668 கிலோ. மக்கள்தொகை 36 கோடி. அப்போதும் அமெரிக்கக் கப்பல் கோதுமைக்குக் காத்திருந்தோம். அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அரிசிச் சோறு பண்டிகைச் சோறாக இருந்த வீடுகளும் அந்தக் காலத்தில்தான் இருந்தன. முகாமில் திருக்குறளையும் மேற்கோள் காட்டினார்கள். புழுதியை நன்றாகக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்று பொருள்படும் குறள். அதற்கு அடுத்த குறளிலேயே வள்ளுவர் உழுவதை விட எருவிடுவது நல்லது என்கிறார். அதை யாரும் வாசிக்கவில்லை.

எண்களை நம்பாதவர்களுக்கு ஒரு நாடே சோதனை வயலாகிக் காட்டியது. 2021 ஏப்ரலில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்துவதாக அறிவித்தது, மே மாதம் தடை நடைமுறைக்கு வந்தது. சேதனப் பசளையை, அதாவது இயற்கை எருவை, மட்டுமே நம்பி 2021-22 காலபோகம் என்ற பெரிய நெற்போகம் தொடங்கியது. தடைக்கு எதிராக விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், நவம்பரில் அரசு பின்வாங்கியது. அதற்குள் காலபோகப் பயிர் வயலில் நின்றது. அந்தப் போகத்தின் நெல் உற்பத்தி முந்தைய காலபோகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அரிசியில் ஏறத்தாழத் தன்னிறைவு கண்டிருந்த தீவு, டாலர் இல்லாத நேரத்தில் அரிசி இறக்குமதி செய்தது. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் போருக்குப் பின் மீண்டும் வயலில் இறங்கியிருந்த தமிழ் உழவர்களும் அந்த மஞ்சள் பயிரைப் பார்த்து நின்றவர்கள்தான்.

ஒரே இரவில் செய்ததுதான் தவறு, படிப்படியாகச் செய்திருந்தால் வென்றிருக்கும் என்று இப்போது சொல்கிறார்கள். படிப்படியாகச் செய்திருந்தால் வலி குறைந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து ஆண்டுகளில் மாறினாலும் ஏக்கருக்கு 40 கிலோ என்ற கணக்கு மாறாது. அதைத் தரும் எரு, தழை, மாடு, மேய்ச்சல் நிலம் எங்கே என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் காலத்தை மட்டும் நீட்டினால், மஞ்சள் மெதுவாகப் படரும்.

உரத்தை ஆதரிப்பதால், இன்று நாம் உரமிடும் விதத்தை ஆதரிக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. 1992-ல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக்கட்டுப்பாட்டை நீக்கிய மத்திய அரசு, யூரியாவை மட்டும் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டது. இன்று 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ பொட்டாஷ் 1,500 ரூபாய்க்கு மேல். கையில் இருக்கும் காசுக்கு எது கிடைக்குமோ அதைத்தான் உழவர் வாங்குவார். நீண்டகாலச் சோதனைகளில் விளைச்சலைச் சரித்த அதே முறையை, தழைச்சத்து மட்டும் என்ற முறையை, விலைப்பட்டியல் வழியாக நாடு முழுவதற்கும் கற்றுக்கொடுத்திருக்கிறோம். கரும்பச்சையாகக் கொழுத்த பயிரைப் புகையானும் குலைநோயும் தேடி வருகின்றன, அதற்கு மருந்து, மருந்துக்குக் கடன். மிஞ்சிய நைட்ரேட் கிணற்றில் இறங்குகிறது. அம்மோனியம் சல்பேட்டைச் சுண்ணாம்பில்லாமல் தொடர்ந்து போட்டால் என்ன ஆகும் என்பதையும் ராதம்ஸ்டெடின் புல்வெளிச் சோதனை 1856 முதல் காட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே மண் புளித்து, மண்புழு இல்லாமல் போய், மட்காத சருகு பாய்போலக் கிடக்கிறது. உரத்தால் தீங்கே இல்லை என்று சொல்கிறவர் அந்தப் புல்வெளியைப் பார்த்திருக்கமாட்டார்.

ஆனால் இந்த நோய்களில் எதற்கும் "மண் செத்துவிட்டது" என்பது மருந்தாகாது. செத்ததற்குப் பரிசோதனை எதற்கு என்று அது கையை விரிக்க வைக்கிறது. 1966-ல் இமயமலை அடிவாரத் தராய்ப் பகுதியின் பந்த்நகரில் நெற்பயிர் துருப்பிடித்ததுபோலக் கருகியபோது, தராய் மண்ணுக்குச் சாபம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யஷ்வந்த் நேனே என்ற பயிர்நோயியல் அறிஞர் தேடிப் பார்த்து, அது நோய்க்கிருமி வேலை அல்ல, துத்தநாகக் குறை என்று கண்டுபிடித்தார். இன்று நம் ஊரில் நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவுவது அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்ததுதான். எந்த உயிர்க்கரைசலையும் எவ்வளவு பக்தியோடு ஊற்றியிருந்தாலும் மண்ணில் இல்லாத துத்தநாகம் பிறந்திருக்காது. யூரியாவை எவ்வளவு கொட்டியிருந்தாலும் பிறந்திருக்காது.

சித்தப்பா நான்காம் ஆண்டு என்னோடு மண் எடுக்க வந்தார். வயலில் பதினைந்து இடங்களில் வி வடிவத்தில் வெட்டி, கலந்து, நான்காகப் பிரித்து, அரைக் கிலோ துணிப்பையில் போட்டோம். மண்வள அட்டை வந்தது. கரிமம் 0.4 சதவீதம், குறைவு. தழைச்சத்து குறைவு. மணிச்சத்து நடுத்தரத்தின் அடிமட்டம். துத்தநாகம் குறைவு. அவர் அதை ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்தார். கோடையில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதார். ஜீவாமிர்தப் பீப்பாய் இன்னும் கொல்லையில் இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை, அவருக்கு அதில் மனநிறைவு. யூரியா முன்பு போட்டதில் பாதி, நான்கு தவணை. அடியுரமாகக் கொஞ்சம் டிஏபியும் பொட்டாஷும். பயிர் தூர் கட்டியது.

அறுவடை இயந்திரம் போன மறுநாள், வைக்கோல் கட்டு வாங்கிக் கேரளத்துக்கு அனுப்பும் வியாபாரி வந்தார். வழக்கமாக அவர் சொன்ன விலைக்குச் சித்தப்பா தலையாட்டிவிடுவார். அன்று என்னைக் கூப்பிட்டு, இரண்டு ஏக்கர் வைக்கோலில் எத்தனை மூட்டைப் பொட்டாஷ் போகிறது என்று கேட்டார். ஏறத்தாழ இரண்டரை என்றேன். வரப்பில் உட்கார்ந்து விரல்விட்டுக் கூட்டினார். பிறகு வியாபாரியிடம், "ஒரு ஏக்கர் கட்ட ஏத்திக்க. மிச்சத்த நான் மடக்கி உழுவணும்" என்றார்.